பனிக்காலத்தில் வீட்டுக்குள் ஓடியவர்கள்

அலாஸ்கா என்பது அமெரிக்காவின் வட கோடியில் உள்ள மாநிலம். அங்கே ஆங்கரேஜ் என்று ஒரு நகரம். டிசம்பர் மாதக் கடைசியில் அங்கே சூரியன் ஐந்தரை மணி நேரம்தான் தலை காட்டும். மீதி நேரம் எல்லாம் இருட்டு. வீதி முழுவதும் பனிக்கட்டி. கால் வைத்தால் வழுக்கும்.

அந்த ஊரில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். பெயர் கிறிஸ்டின் கிளார்க். நோயாளியின் ரத்தம், சதை முதலியவற்றைச் சோதித்து நோயைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வயது 37. அவருக்கு மாரத்தான் பந்தயத்தில் ஓட ஆசை. மாரத்தான் என்றால் 26 மைலுக்கும் சற்று அதிகமான தூரம். (சரியாகச் சொன்னால் 42 கிலோ மீட்டர் 195 மீட்டர்.)

வெளியே ஓட முடியாது. என்ன செய்வது?

வீட்டுக்குள்ளேயே ஓடினார்!

டிரெட்மில் என்று ஒரு யந்திரம் உண்டு. அகலமான பட்டை ஒன்று பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் நின்று ஓட வேண்டும். ஓடுகிறவர் இருந்த இடத்திலேயே இருப்பார். குளிர்காலத்தில் கிளார்க்கின் பயிற்சியில் பெரும் பகுதி இதன்மேல்தான் நடந்தது.

யாரும் எதிர்பார்க்கவில்லை

2000-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி. தென் கரோலினா மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் ஒரு பந்தயம் நடந்தது. சிட்னி ஒலிம்பிக் மாரத்தானுக்கு அமெரிக்கப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் பந்தயம் அது. பேர் போன ஓட்டக்காரிகள் பலர் வந்திருந்தார்கள். கிளார்க்கின் பெயரை அவர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

அன்று நல்ல வெயில். பலர் தளர்ந்தார்கள். பனி நாட்டிலிருந்து வந்த கிளார்க் தளரவில்லை. 2 மணி 33 நிமிஷம் 31 விநாடியில் ஓடி முதலாவதாக வந்தார். அதற்கு முன் அவர் ஓடியதைவிட இது சுமார் 7 நிமிஷம் குறைவு. மாரத்தானில் ஒரு நிமிஷத்தைக் குறைக்கவே சிலருக்கு ஒரு வருஷம் ஆகும்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஒலிம்பிக்குக்கு விதித்திருந்த முதல் தரத் தகுதி நேரத்தை அன்று ஒருவரும் எட்டவில்லை. அதனால் முதலாவதாக வந்தவருக்கு மட்டுமே சிட்னி செல்ல இடம். இரண்டாவதாக வந்தவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த ஒரே இடம் அலாஸ்கா டாக்டருக்குக் கிடைத்தது.

வெயிலை அவர் எப்படித் தாங்கினார் என்று பலர் வியந்தார்கள். அடைத்த அறைக்குள் ஓடினால் காற்று முகத்தில் அடிக்காது. வியர்வை ஆறாகப் பெருகும். அப்படியே மாதக் கணக்கில் ஓடிய உடம்புக்கு வெயில் புதிதாக இருந்திராது என்று நமக்குத் தோன்றுகிறது.

சிட்னியில் அவர் 19-வதாக வந்தார். பதக்கம் இல்லை. ஆனால் நேரம் 2 மணி 31 நிமிஷம் 35 விநாடி. தம்முடைய பழைய நேரத்தை அங்கேயும் முறியடித்துவிட்டார்!

சும்மா இருந்தால் என்ன ஆகும்?

"பனிக்காலம் இரண்டு, மூன்று மாதம்தானே? ஓய்வாக இருந்துவிட்டுப் பிறகு ஓடினால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு 1984-ம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் விடை சொன்னார்கள்.

நன்கு பயிற்சி பெற்ற சிலரைப் பயிற்சியை நிறுத்தும்படி சொன்னார்கள். அவர்கள் உடம்பு எவ்வளவு பிராணவாயுவை உபயோகிக்கிறது என்று அவ்வப்போது அளந்தார்கள். ஓட்டக்காரருக்கு இந்த அளவுதான் மூலதனம். மூன்றே வாரத்தில் அது நூற்றுக்கு 7 பங்கு குறைந்தது. எட்டு வாரத்தில் நூற்றுக்கு 16 பங்கு போய்விட்டது! வருஷக் கணக்கில் சேர்த்தது இரண்டே மாதத்தில் இவ்வளவு கரைகிறது.

ஆகவே குளிர் நாட்டு ஓட்டக்காரர்கள் வீட்டுக்குள் ஏதாவது செய்தே தீர வேண்டும்.

11 நிமிஷப் பயிற்சி

டிரெட்மில் விலை அதிகம். எல்லோராலும் வாங்க முடியாது. யந்திரமே இல்லாமல் என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வி 1950-களில் கனடா நாட்டு விமானப் படைக்கு வந்தது. விமானிகள் வட துருவத்தை ஒட்டிய ஊர்களில் காவல் இருந்தார்கள். அங்கே உடற்பயிற்சிக் கூடம் கிடையாது. வெளியே போனால் உறைந்துபோகும் குளிர். பில் ஆர்பன் என்பவர் அவர்களுக்காக ஒரு திட்டம் வகுத்தார். 'ஃபைவ் பி எக்ஸ்' என்று அதற்குப் பெயர். ஐந்தே பயிற்சிகள். மொத்தம் 11 நிமிஷம். ஒரு சிறிய அறை போதும்.

குனிந்து தரையைத் தொடுவது, மல்லாந்து படுத்து எழுவது, குப்புறப் படுத்து உடம்பைத் தூக்குவது, தண்டால் எடுப்பது ஆகிய நான்குக்கும் 5 நிமிஷம். ஐந்தாவதுக்கு மட்டும் 6 நிமிஷம். அது என்ன தெரியுமா? நின்ற இடத்திலேயே ஓடுவது! 75 எட்டுக்கு ஒரு முறை நிறுத்தி, 10 தடவை குதிக்க வேண்டும். பிறகு மறுபடி ஓட்டம். பெண்களுக்குப் பத்துப் பயிற்சிகள் கொண்ட 12 நிமிஷத் திட்டம் ஒன்றும் வந்தது. இந்தப் புத்தகங்கள் பல நாடுகளில் லட்சக் கணக்கில் விற்பனை ஆயின.

ஜப்பான் காட்டிய வழி

அதன்பின் வந்தவை இன்னும் கடுமையானவை. ஜப்பானில் பனிக்கட்டித் தளத்தில் சறுக்கி ஓடும் வீரர்களுக்கு இரிசாவா கோயிச்சி என்ற பயிற்சியாளர் ஒரு முறையைக் கையாண்டார். 20 விநாடி முழு மூச்சாகப் பாடுபட வேண்டும். 10 விநாடி ஓய்வு. இப்படி ஏழெட்டுத் தடவை. சுமார் 4 நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

நாலு நிமிஷம்தானா என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். எட்டாவது தடவை முடிந்ததும் ஆள் சுருண்டு விழுவார்!

டபாட்டா இசுமி என்ற விஞ்ஞானி இதைச் சோதித்து 1996-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். ஆறு வாரம் சோதனை. ஒரு கூட்டத்தார் வாரத்தில் ஐந்து நாள் ஒரு மணி நேரம் நிதானமாகச் சைக்கிள் யந்திரத்தை மிதித்தார்கள். மற்றொரு கூட்டத்தார் இந்த 4 நிமிஷ முறையைப் பெரும்பாலான நாட்களில் செய்தார்கள். பிராணவாயுவை உபயோகிக்கும் சக்தி இரண்டு கூட்டத்துக்குமே கூடியது. ஆனால் மூச்சு முட்டும் வேகத்தைத் தாங்கும் சக்தி இரண்டாவது கூட்டத்தாருக்கு மட்டும் நூற்றுக்கு 28 பங்கு உயர்ந்தது. நிதானமாக மிதித்தவர்களுக்கு அதில் முன்னேற்றம் இல்லை.

2009-ம் ஆண்டில் அமெரிக்காவில் இன்னொரு திட்டம் வந்தது. 'இன்சானிட்டி' என்று பெயர். அந்தச் சொல்லுக்குப் பைத்தியம் என்று பொருள். பெயர் வைத்தவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்! ஷான் டி என்ற பயிற்சியாளர் படத்தில் தோன்றிச் செய்து காட்டுவார். அதைப் பார்த்து வீட்டில் செய்ய வேண்டும். மூன்று நிமிஷம் ஓயாமல் குதித்தல், பஸ்கி, தண்டால். பிறகு அரை நிமிஷம் ஓய்வு. இது 60 நாள் திட்டம். வாரத்தில் ஆறு நாள் பயிற்சி.

ஓட்டக்காரருக்கு என்ன லாபம்?

ஓடுகிறவர் எப்போதும் முன்னோக்கியே போகிறார். ஒரே அசைவு ஆயிரக் கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுக்கு வேலை குறைவு. அவை பலவீனமாக இருந்தால் முழங்காலுக்குத் தொல்லை வரலாம். பஸ்கி போடுவது, ஒற்றைக் காலில் நின்று எழுவது, பக்கவாட்டில் தாவுவது ஆகியவை அந்தத் தசைகளுக்கு வலு ஊட்டுகின்றன. தசை வலுத்தால் அதே வேகத்துக்குக் குறைந்த பிராணவாயு போதும்.

ஆனால் குதிப்பது ஓட்டம் ஆகாது. நின்ற இடத்தில் ஓடும்போது உடம்பை முன்னால் தள்ளும் வேலை இல்லை. டிரெட்மில்லில்கூட எதிர்க்காற்று இல்லை. அதனால் பட்டையை நூற்றுக்கு ஒரு பங்கு ஏற்றமாக வைத்தால் வெளியே ஓடுவதற்குச் சமம் ஆகும் என்று ஜோன்ஸ், டௌஸ்ட் என்ற இரு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் 1996-ல் கண்டார்கள். வேகமாக ஓடுகிறவர்களுக்கே இது பொருந்தும்.

செக்கோஸ்லோவாகியா நாட்டு எமில் ஜடோபெக் இந்தச் சாஸ்திரம் எதையும் பார்க்கவில்லை. 1952-ம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கப் பதக்கம் பெற்றவர் அவர். பனியில் ராணுவ பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஓடுவார். வெளியே போக முடியாத ஒரு நாள் குளியல் தொட்டியில் அழுக்குத் துணிகளைப் போட்டு, சோப்பும் தண்ணீரும் விட்டு, அதன்மேல் நின்று ஓடினாராம். பயிற்சியும் ஆயிற்று, துணியும் வெளுத்தது! மனைவி டானாவும் ஒலிம்பிக் தங்கம் பெற்றவர்தான். 5,000 மீட்டரில் கணவர் வென்ற அதே நாளில் அவர் ஈட்டி எறிவதில் வென்றார்.

ஜாக்கிரதை!

ஆசை மிகுதியால் ஓட்டத்தையும் விடாமல், இந்தக் கடும் பயிற்சியையும் தினம் செய்கிறவர்கள் உண்டு. முதலில் கெண்டைக்கால் வலிக்கும். பிறகு எலும்பில் கீறல் விழும். அப்புறம் ஓட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை. வாரத்தில் இரண்டு, மூன்று நாள் கடும் பயிற்சி, பனி குறைந்த நாளில் ஒரு நீண்ட நிதான ஓட்டம், ஒரு நாள் முழு ஓய்வு. பெரும்பாலோருக்கு இதுவே அதிகம்.

பழக்கம் இல்லாதவர் முதல் நாளே அளவு மீறிச் செய்தால் பெரிய ஆபத்து உண்டு. தசை நார்கள் சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலக்கும். மூத்திரம் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போகும். சிறுநீரகம் கெட்டுவிடலாம். அப்படி நிறம் மாறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நெஞ்சு வலி உள்ளவர்களும், நாற்பது தாண்டிப் புதிதாகத் தொடங்குகிறவர்களும் முதலில் டாக்டரைக் கேட்பது நல்லது.

மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு வேறொரு சங்கடம். மேலே குதித்தால் கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்துவிடுவார்! அவர்கள் குதிப்பதை விட்டு, பஸ்கியும் தண்டாலும் வேகமாகச் செய்யலாம். மூச்சு வாங்குவதில் குறைவு இராது.

பனி உருகி வீதி தெரிந்ததும் ஓட்டக்காரருக்குக் கால் துறுதுறுக்கும். மூச்சு தயாராக இருக்கும். ஆனால் கெட்டியான சாலையைக் கால் மறந்திருக்கும். முதல் இரண்டு வாரம் பழைய தூரத்தில் பாதி ஓடினால் போதும்.