மைலேஜ் எங்கே போயிற்று?

நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே, பூவார் பக்கம் இருக்கிறது எங்கள் திருப்புறம். ஏத்தன் வாழையும் மரச்சீனியும் தென்னையும் நிறைந்த ஊர். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்க முன்பு காளை வண்டி இருந்தது. பிறகு லாரி வந்தது. இன்று வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒரு பிக்கப் வண்டி நிற்கிறது. 2005-ல் டாட்டா ஏஸ் வந்தபின் சின்ன டீசல் வண்டிகள் பெருகின. மஹிந்திரா பொலிரோ பிக்கப்பும் 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்தும் இந்தப் பக்கத்துச் சாலைகளில் சர்வ சாதாரணம்.

என் தங்கை மகனிடமும் அப்படி ஒரு பிக்கப் உண்டு. கடன் போட்டு வாங்கியது. ஒன்றரை டன் பாரம் ஏற்றலாம். விடியுமுன் வாழைக்குலை ஏற்றித் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் இறக்கிவிட்டுத் திரும்புவது அதன் வேலை. போய்வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர்.

ஒரு நாள் மாலை அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"மாமா, லிட்டருக்கு 13 கொடுத்த வண்டி இப்போ 10-தான் கொடுக்குது. டிரைவர் டீசல் எடுக்கிறான். இந்த மாசத்தோட அவனை நிறுத்தப் போறேன்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 13 கிடைத்தால் நாளொன்றுக்கு 4.6 லிட்டர், 10 என்றால் 6 லிட்டர். லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால், மாதம் 25 நாளில் சுமார் 3,300 ரூபாய் நஷ்டம். கடன் தவணை கட்டுகிறவனுக்கு அது சிறு தொகை அல்ல. ஆனால் அந்த டிரைவரும் எனக்குத் தெரிந்த பையன். திருடன் என்று பெயர் எடுத்துவிட்டால் இந்த வட்டாரத்தில் வேறு யார் அவனிடம் சாவி கொடுப்பார்கள்?

"நீ கண்ணால் பார்த்தாயா?" என்று கேட்டேன். "இல்லை மாமா, வேற எப்படிக் குறையும்?" என்றான். "எனக்கு ஒரு வாரம் கொடு" என்றேன்.

நான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, டீசல் என்ஜின்களோடு வாழ்நாளைக் கழித்தவன். அங்கே லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் கேட்பதில்லை. ஆயிரம் டன் எடையை ஒரு கிலோமீட்டர் இழுக்க எத்தனை லிட்டர் என்பதே கணக்கு. எடையைச் சொல்லாமல் மைலேஜ் சொல்வது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்லாமல் அரிசிக் கணக்குச் சொல்வது போல.

முதலில் அளவைச் சரிசெய்தேன். ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி நிற்கும் இடமும் ஒன்றே. குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்தேன். டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை நான் வைத்துக்கொண்டேன். நான்கு நாள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தேன். ஐந்தாம் நாள் அதே பம்பில் மறுபடி நிரப்பினேன். கணக்கு வந்தது: 10.2. சாவி என் பையில். டீசலை எவனும் தொடவில்லை. அப்படியானால் திருடன் வண்டிக்குள்ளேயே இருக்கிறான்.

ரயில்வேயில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வண்டி ஸ்டேஷனில் நின்றதும் பரிசோதகர் வரிசையாகச் சக்கரங்களின் அச்சுப்பெட்டிகளைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவார். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே கோளாறு. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் சக்கரம் சுடும். 'பிரேக் பைண்டிங்' என்போம். என்ஜின் இழுக்கும், பிரேக் பிடிக்கும், இரண்டுக்கும் நடுவே டீசல் வெந்து போகும்.

அதே வித்தையைச் சாலைக் கம்போளத்தில் செய்தேன். வண்டி நின்றதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனேன். (நேராகத் தொடாதீர்கள், கை வெந்துவிடும்.) மூன்று மிதமான சூடு. பின்பக்க இடது டிரம் மட்டும் அடுப்புக்கல் போல் தகித்தது. பட்டறையில் கழற்றியபோது வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தது. பெடலை விட்ட பிறகும் பிரேக் முழுவதும் விடவில்லை. பின் டயர்களில் காற்றும் 10 பி.எஸ்.ஐ. குறைவு. இரண்டையும் சரிசெய்து மறுபடி நான்கு நாள் ஓட்டியதில் 12.4 கிடைத்தது.

மீதியும் மர்மமல்ல. பாலராமபுரம் நெரிசலில் என்ஜினை அணைக்காமல் நின்றால், இத்தகைய வண்டி மணிக்கு அரை லிட்டர் வாக்கில் சும்மாவே குடிக்கும். எங்கள் பழைய டபிள்யூ.டி.எம்.-2 ரயில் என்ஜின் சும்மா நின்றே மணிக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும். இன்னொன்று வேகம். காலி வண்டி திரும்புகையில் டிரைவர் பையன் புதிய பைபாஸ் கான்கிரீட் சாலையில் 80-ல் விரட்டுவான். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 60-லிருந்து 80-க்குப் போனால் அந்தத் தடை முக்கால் பங்கு கூடிவிடும். இதை மட்டும் அவனிடம் சொன்னேன். "சரி சார், இனி 60-தான்" என்றான்.

அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒருவன் தொலைபேசியில், "அங்கிள், இங்கே இவ்வளவு பெரிய டீசல் பிக்கப்பே நல்ல மைலேஜ் கொடுக்குது" என்பான். பொய் இல்லை. 2018-ல் வந்த ஃபோர்டு எஃப்-150 டீசல் வண்டிக்கு அந்நாட்டு அரசு முகமை கொடுத்த நெடுஞ்சாலை அளவு காலனுக்கு 30 மைல், அதாவது நம் கணக்கில் லிட்டருக்கு 12.75 கிலோமீட்டர். நகருக்குள் 22 மைல், அது 9.4 கிலோமீட்டர்தான். இதெல்லாம் பாரம் ஏற்றாத அளவு. அதைவிடக் கனமான பிக்கப்புகளுக்கு அங்கே மைலேஜ் சீட்டே ஒட்டுவதில்லை. எதை ஏற்றுவான், எதை இழுப்பான் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

நம் பிக்கப்புக்கும் அதே பாடம். ஒன்றரை டன்னோடு 30 கிலோமீட்டர் போனால் 45 டன்-கிலோமீட்டர். திரும்பி வருவது காலியாக. இரண்டுக்கும் சேர்த்து 5 லிட்டர் என்றால், லிட்டருக்கு 9 டன்-கிலோமீட்டர்தான் வேலை நடந்தது. திரும்பும்போது பலசரக்கோ கோழித்தீவனமோ ஏற்றி வந்தால், டீசல் சற்றே கூடினாலும் பலன் ஏறக்குறைய இரட்டிப்பு. எந்த மெக்கானிக்கும் தர முடியாத மைலேஜ் அது.

எல்லை தாண்டிக் களியக்காவிளையில் டீசல் மலிவு என்று அதற்கென்றே ஓடுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. லிட்டருக்கு 3 ரூபாய் குறைவு என்று வைத்தால் 50 லிட்டரில் 150 ரூபாய் மிச்சம். போய்வர 24 கிலோமீட்டர் என்றால் 2 லிட்டர் செலவு, அதாவது 190 ரூபாய். நாகர்கோவிலுக்குப் பாரத்தோடு போகிற வழியில் நிரப்பினால் லாபம். அதற்காகவே போனால் நஷ்டம்.

மருமகன் டிரைவரிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் டேங்க் பூட்டின் சாவியையும் மைலேஜ் நோட்டையும் அவன் கையிலேயே கொடுத்தான். அது போதும் என்று எனக்குத் தோன்றியது.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைலேஜ் குறைந்தால் முதலில் காற்றைப் பாருங்கள்; ஏர் ஃபில்டரைப் பாருங்கள்; ஓடி நின்ற சக்கரத்தின் அருகே புறங்கையை நீட்டிப் பாருங்கள். மனிதன்மேல் சந்தேகம் வருவது அதற்கெல்லாம் பிறகு இருக்கட்டும். சிலிண்டர் மாற்றச் சில நூறு ரூபாய் போதும். போன நல்ல பெயரை எந்தப் பட்டறையிலும் மாற்றித் தரமாட்டார்கள்.