ஜாடியின் அடிமுத்திரை பாதிச் சாட்சிதான்

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களை வெள்ளைக்காரத் துரைமார் ஆண்ட காலம் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. 1950களிலும் 60களிலும் மலாயாவின் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டபோது நிலம் மட்டுமா கைமாறியது? பங்களாச் சாமான்களுக்கும் புது வீடு தேட வேண்டியிருந்தது. அப்படி வந்த பூப்போட்ட பழைய ஜாடி ஒன்று இன்று யாருடைய அலமாரியிலாவது இருந்தால், அதைச் செய்தது யார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: துரை இங்கிலீஷ்காரர், எனவே ஜாடியும் இங்கிலீஷ் ஜாடி. இதை ஏற்க முடியாது. உடைமைக்காரரின் ஊரும் பொருள் பிறந்த ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்களும் இந்த மண்ணில் ரப்பர் போட்டவர்கள்தாம். 1905இல் மலாயா வந்து சிலாங்கூரில் தோட்டம் திறந்த ஆன்றி ஃபோகோனியே, அந்த வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. ஆகவே கதையை ஒதுக்கிவிட்டு ஜாடியைக் கவிழ்த்துப் பார்ப்பதே சரி.

கவிழ்த்தவுடன் கண் முத்திரையைத் தேடும். அங்கேதான் அவசரம் கூடாது. முதலில் அடி வளையத்தில் மெருகு பூசாத இடத்தைப் பாருங்கள். அங்கே வைத்த நீர்த்துளியைக் களிமண் மெல்ல உறிஞ்சினால், அது தாழ்ந்த சூட்டில் சுட்ட மண்பாண்டம். உறிஞ்சாவிட்டால் பீங்கானாகவோ உயர்சூட்டில் சுட்ட கல்பாண்டமாகவோ இருக்கலாம். விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் இன்னும் நல்லது. வெளியே பால்வெள்ளை, உள்ளே மங்கிய மஞ்சளோ இளஞ்சிவப்போ தெரிந்தால், ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெள்ளை மெருகின் மேல் வண்ணம் தீட்டிய வகை என்று கொள்ளலாம். ‘ஃபையான்ஸ்’ என்று பிரெஞ்சுக்காரர் சொல்வது இதைத்தான். மேலே இருக்கும் சித்திரத்தை மட்டும் நம்பினால் மோசம் போவோம். பூக்கள் கொட்டும் கொம்புச் சித்திரம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ரூவான் நகரத்துக்குப் பேர் வாங்கித் தந்தது. அடுத்த நூற்றாண்டில் அதையே கேம்பேர், தேவ்ர், ஜியான் ஊர்ப் பட்டறைகளும் வரைந்து விற்றன. கொம்பைக் கண்டதும் ரூவான் என்று விலை பேசுபவர் நூறாண்டுப் பிழையைச் சேர்த்தே விற்கிறார்.

முத்திரையும் அவ்வளவு நேர்மையானதல்ல. பிரான்சின் பிரித்தானி மாநிலத்துக் கேம்பேர் ஊரில் ‘எச்பி’ என்று எழுத்துகளைப் பின்னிப் போட்டது ஒரு பட்டறை. பக்கத்திலேயே ஆன்ரியோவின் பட்டறை ‘எச்ஆர்’ என்று பின்னிப் போட்டது. இரண்டும் தூரிகையால் அவசரமாக எழுதியவை, பார்வைக்கு ஒன்று போலவே இருந்தன. வழக்கு மூண்டு, 1922க்குப் பிறகு ஆன்ரியோ தன் பெயரை முழுதாக எழுத வேண்டியதாயிற்று. ஆக, ‘எச்ஆர்’ இருந்தால் ஜாடி அதற்கு முந்தியது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். சண்டை போட்டவர்கள் நமக்குக் காலக்கணக்கை விட்டுப் போயிருக்கிறார்கள். ‘பிரான்ஸ்’ என்ற சொல்லும் ஒரு தடயம். இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டைக் குறிக்க வேண்டும் என்று அமெரிக்கா விதித்த சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகே இச்சொல் பரவலானது. ஆனால் சொல் இல்லாததால் ஜாடி பழையது என்று ஆகாது, உள்நாட்டில் விற்றதற்கு அது தேவைப்படவில்லை. சார்கெமின் ஊர்ப் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1871 முதல் 1918 வரை அந்த ஊர் ஜெர்மனியின் கையில் இருந்தது. போதாக்குறைக்கு, பிரெஞ்சு எல்லைக்குள் திகோவானிலும் வித்ரியிலும் அதே நிறுவனம் கிளை போட்டது. ‘பிரெஞ்சு ஜாடி’ என்பதே அங்கே விசாரிக்க வேண்டிய சொல். இன்னொரு பக்கம் 1845இல் பாரிசில் தொடங்கிய சாம்சன் நிறுவனம், மற்றவர் பாண்டங்களை அச்சு அசலாக, முத்திரையின் சாயலோடு செய்து கொடுத்தே பேர் எடுத்தது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. முத்திரையை இவ்வளவு சந்தேகித்தால், அரிக்கமேட்டில் முத்திரையை வைத்துத்தானே வரலாறு எழுதினார்கள்? உண்மைதான். புதுச்சேரி அருகே கிடைத்த சிவப்பு மெருகு ஓடுகளில் ‘விபி’, ‘கமுரி’, ‘இட்டா’ என்ற இத்தாலியக் குயவர் முத்திரைகள் இருந்தன. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து, ரோம வணிகத்தின் காலத்தை அவற்றால் நிர்ணயித்தார். ஆனால் களிமண், மெருகு, வடிவம் எல்லாம் ஒத்துப்போனதால்தான் அந்த முத்திரைகள் எடுபட்டன. ஓட்டின் வயதை ஊரின் வயதாகக் கொண்டதில்தான் சிக்கல் வந்தது: பின்னர் விமலா பெக்லி அங்கே நடத்திய அகழாய்வு, ஊர் வீலர் சொன்னதைவிடப் பழமையானது என்று காட்டியது. முத்திரை சொன்னது சரி, அதற்கு மேல் அதைப் பேச வைத்ததே தவறு.

வல்லுநர் இல்லாமல் இதெல்லாம் முடியுமா என்று கேட்கலாம். தீர்ப்பு அவர்களுடையது, சாட்சியைக் காப்பது வீட்டுக்காரர் கையில். புளி போட்டுத் தேய்த்து மெருகை வெளுக்க வைக்காதீர்கள், சில்லுக்குப் பசை பூசாதீர்கள், அடியில் விலைச்சீட்டு ஒட்டாதீர்கள். எந்தத் தோட்டத்துப் பங்களாவிலிருந்து, யார் மூலம், எந்த ஆண்டு வந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி, ஜாடிக்கு உள்ளே போட்டு வையுங்கள்.