பூட்டு கையில் இருந்தும் பூட்டாத கதவு

2017 மே 12, வெள்ளிக்கிழமை. ‘வான்னாகிரை’ எனும் தீநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. சில நாள்களுக்குள் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் முடங்கின. ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரக் காவல்துறைக் கணினிகளும் அதற்குத் தப்பவில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தான நிர்வாக அலுவலகக் கணினிகள் சிலவும் பாதிப்புக்குள்ளாயின.

கோப்புகளைச் சங்கேதக் குறிகளாக மாற்றிப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கேட்டது அந்நிரல். மூன்று நாள் கடந்தால் தொகை இருமடங்காகும்; ஏழு நாள் கடந்தால் கோப்புகள் மீளா என மிரட்டியது. அது பரவுவதற்கு எவரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. விண்டோஸில் இருந்த ஒரு குறைபாட்டின் வழியே, ஒரு கணினியிலிருந்து அதே அலுவலக வலையமைப்பின் பிற கணினிகளுக்குத் தானாகவே தாவியது.

அக்குறைபாட்டை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருந்தும், அதை நிறுவாத கணினிகளே இரையாயின. ஆதரவுக் காலம் முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பி போன்றவற்றுக்கோ, தாக்குதல் தொடங்கிய பின்னரே திருத்தம் கிடைத்தது.

கடையானாலும் அலுவலகமானாலும், கணக்கேடும் வாடிக்கையாளர் விவரமும் இன்று கணினியிலேயே உள்ளன. ஆகவே, வாடிக்கையாளர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்வது நலம்:

• கணினி, கைப்பேசி இரண்டிலும் தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கத்தில் வையுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றதை நினைவில் கொள்க.

• முக்கியக் கோப்புகளின் நகலை வாரந்தோறும் தனி வன்தட்டில் எடுத்து, உடனே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இணைந்தே இருக்கும் நகலும் பூட்டப்படக்கூடும்.

• வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை, வங்கியின் பெயரில் வந்தாலும், நிறுவாதீர்கள்.

• நெட்பேங்கிங்குக்குப் பயன்படும் கணினியில் திருட்டு மென்பொருள் வேண்டா.

• தாக்குதல் நேர்ந்தால் முதலில் வலையமைப்பு வடத்தைக் கழற்றுங்கள்; வைஃபையை அணையுங்கள். பணம் செலுத்துவதால் கோப்புகள் மீளும் என்பதற்கு உறுதியில்லை.

கணக்கிலிருந்து பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைப்பதுடன், தங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். புதுப்பித்தலுக்குச் செலவாகும் சில நிமிடங்களை ஒத்திப்போட்டால், பல்லாண்டுக் கணக்குகளையே இழக்க நேரிடலாம்.