கால்வாய்க் கணக்கு – 9: கடைமடையிலிருந்து ஒரு தணிக்கை

பெரியாறு–வைகைப் பாசனத்தின் தலைமதகுகளைச் சென்ற வாரம் கண்டோம். அந்த நீர் எட்டாமல், கரிசலையும் கண்மாயையும் வானத்தையும் நம்பி ஜீவிக்கும் டி. கல்லுப்பட்டிப் பிரதேசத்தில் இருந்துகொண்டு கால்வாயின் தாமதத்தைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் வினவக்கூடும். இவ்வூர்க் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் அந்திமக் காலத்தைக் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மறைந்த ஜே. சி. குமரப்பா லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர். குஜராத்தின் மாதர் தாலுகாவை ஆராயப் புகுந்தபோது, சர்க்கார் பதிவேடுகளோடு திருப்தியடையாமல், கிராமம் கிராமமாகக் குடியானவனின் வரவு செலவையே எழுதிவரச் செய்தவர். கால்வாய் வேலைகளுக்கு இன்று வேண்டியிருப்பதும் அத்தகைய தணிக்கைதான்.

வைகை அணையிலிருந்து உசிலம்பட்டி வட்டாரத்துக் கண்மாய்களுக்கு நீர் கொண்டுசெல்லும் 58 கிராமக் கால்வாயை எடுத்துக்கொள்வோம். முப்பத்து மூன்று கோடிச் சொச்சத்தில் முடித்துவிடலாமென்று 1990களில் மதிப்பிட்ட வேலை, இருமடங்குக்கும் மேற்பட்ட பொருளை விழுங்கி, 2018ஆம் ஆண்டில்தான் வெள்ளோட்டம் கண்டது. வழியில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள தொட்டிப்பாலம் கட்ட நேர்ந்தது மெய்யே. ஆயினும், விஷஜுரமும் காட்டாற்று வெள்ளமும் மாறிமாறி வருத்திய மலைவனத்தில் 1887இல் தொடங்கிய பெரியாற்று அணை 1895இல் திறக்கப்பட்டதை நினைக்கும்போது, ஏறத்தாழ 27 கிலோமீட்டர்ப் பிரதானக் கால்வாய்க்கு இரண்டு தசாப்தங்கள் ஆனதற்கு நிலத்தின் கடுமையை மாத்திரம் காரணமாகச் சொல்ல நா எழவில்லை. இத்தனைக்குப் பிறகும், அணையின் நீர்மட்டம் 67 அடியை எட்டினாலன்றி இதில் நீர் திறக்க இயலாது. அணையின் முழுக் கொள்ளளவு மட்டமோ 71 அடி!

புதுக் கால்வாயின் கதை இதுவென்றால், பழைய கால்வாயைச் சீரமைப்பதில் வேறொரு சங்கடம் உண்டு. 1977இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கி, 1980களில் இரண்டாம் கட்டம் கண்ட பெரியாறு–வைகை நவீனப்படுத்தும் வேலைகள் முதல் இன்றைய வேலைகள் வரை எல்லாவற்றுக்கும் பொதுவானது அது. இருபோகப் பாசனமான 45,041 ஏக்கருக்குப் பருவம் தவறாத ஆண்டுகளில் ஜூனிலும், திருமங்கலம் பிரதானக் கால்வாயின் 19,439 ஏக்கர் உட்பட ஒருபோகப் பாசனமான 1,05,002 ஏக்கருக்குச் செப்டம்பரை ஒட்டியும் நீர் திறக்கப்படுவதால், மண்வெட்டிக்கும் சிமெண்டுக்கும் மிஞ்சுவது கோடையின் சில மாதங்களே. டெண்டர் முடிவாவது ஒரு மாதம் பிந்தினால், ஒப்பந்ததாரர் ஆளும் ஜல்லியும் சேர்ப்பதற்குள் மதகு திறக்கும் நாள் வந்துவிடுகிறது. காகிதத்தில் ஒரு மாதம், கால்வாயில் ஒரு வருஷம்.

மேற்பார்வை செய்வோர் இந்தச் சூட்சுமத்தை அறியாதவர்களல்லர். ஆனால் அவர்கள் முன் வைக்கப்படும் அறிக்கையோ, செலவான தொகைக்கும் ஒதுக்கிய தொகைக்கும் உள்ள விகிதத்தையே முன்னேற்றமென்று காட்டுகிறது. தலைப்பகுதியில் வழவழவென்று பூச்சு வேலை முடிந்து, கடைசிக் கிளை வாய்க்கால் கருவேலம் மண்டிக் கிடக்கையிலும், எழுபது எண்பது சதவீதம் பூர்த்தி என்று எழுத அது இடமளிக்கிறது. கால நீட்டிப்பு உத்தரவோ நாள் கணக்கில் வழங்கப்படுகிறது. கடைமடைக்காரன் இழப்பது நாளையல்ல, போகத்தை. ஆகையால் தாமதத்தை இழந்த போகங்களால் அளக்கவேண்டும். முன்னேற்றத்தைக் கடைக் கண்மாயின் மடையில் நீர் வந்து சேர்ந்ததா என்ற ஒரே கேள்வியால் அளக்கவேண்டும். இது பொறியாளர்களுக்குப் பிரியமான அளவுகோலாக இராது என்பதை அறிவேன். மழை பொய்த்த ஆண்டின் பழியும் தங்கள்மேல் விழுமே என்று அவர்கள் அஞ்சுவதிலும் நியாயமுண்டு. அதற்காக அளவுகோலையே கைவிடுவதா? நீர் திறந்த ஆண்டுகளை மட்டும் கணக்கில் கொண்டால் அந்த அச்சம் தீர்ந்துவிடுகிறது.

விவசாயிகளின் நீர்ப்பாசன மேலாண்மைக்கென்றே 2000ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று நம் மாநிலத்தில் இருக்கிறது. அதன்படி அமைந்த சங்கங்களும் இருக்கின்றன. ஒப்பந்ததாரரின் இறுதிப் பில் பட்டுவாடாவாகும் முன், அளவுப் புத்தகத்தில் பொறியாளரின் ஒப்பத்துக்குக் கீழே கடைமடைச் சங்கத் தலைவரின் ஒப்பமும் இடம்பெற வேண்டுமென்று அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பிக்கட்டும்.