எல்லாச் செயலிகளுக்கும் இணையம் தேவையா?

ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் பல்லாயிரம் பேர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆயினும், அக்கரையை அடைந்ததும் திறன்பேசி சிங்கப்பூரின் தொலைத்தொடர்புச் சேவையோடு இணைகிறது. வெளிநாட்டு இணையச் சேவை திறந்திருந்தால், திறன்பேசி பையில் கிடந்தாலும் செயலிகள் தரவைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். நிழற்படச் செயலி படங்களை மேலேற்றும். விளையாட்டுச் செயலி விளம்பரங்களைத் தரவிறக்கும். கட்டணம் கூடிய பிறகே பலர் காரணத்தைத் தேடுகின்றனர்.

செலவான பணத்தை மீண்டும் ஈட்டலாம். வெளியே சென்ற தகவலைத் திரும்பப் பெற இயலாது. அமெரிக்காவில் பலரும் பயன்படுத்திய கைவிளக்குச் செயலி ஒன்று, பயனரின் இருப்பிடத் தகவலை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியது. 2013ஆம் ஆண்டு அந்நாட்டின் கூட்டரசு வணிக ஆணையம் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. வெளிச்சம் தரும் செயலிக்கு இணையம் எதற்கு? இக்கேள்வியை ஒவ்வொரு செயலியைக் குறித்தும் கேட்பது நன்று.

ஆண்ட்ராய்டு திறன்பேசியில் ஒரு செயலி ஒளிப்படக் கருவியையோ ஒலிவாங்கியையோ பயன்படுத்தப் பயனரிடம் அனுமதி கேட்கும். இணைய அனுமதியோ, செயலியை நிறுவும்போதே கேட்காமல் கிடைத்துவிடுகிறது. எனவே, அக்கதவை மூடும் பொறுப்பு பயனரையே சாரும்.

அதற்குச் சில வழிகள் உள்ளன. ஐபோனின் அமைப்புகளில் ஒவ்வொரு செயலிக்கும் கைப்பேசித் தரவைத் தனித்தனியே நிறுத்தலாம். ஆனால், வைஃபை இணைப்பில் அச்செயலி தொடர்ந்து இயங்கும். ஆண்ட்ராய்டில் செயலியின் தரவுப் பகுதிக்குச் சென்று பின்னணித் தரவை நிறுத்தலாம். சில வகைத் திறன்பேசிகளில் இரண்டு இணைப்புகளையுமே தடுக்கலாம். அவ்வசதி இல்லையெனில், நெட்கார்டு போன்ற தடுப்புச்சுவர்ச் செயலிகள் உதவும். பிற செயலிகளின் இணையப் போக்குவரத்து அதன் வழியாகவே செல்லும். தடுக்கப்பட்ட செயலியின் தகவல் அங்கேயே நின்றுவிடும்.

எனினும், இம்முறை எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. வங்கிச் செயலியையும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் தடுத்தால் தீமையே விளையும். மேலும், பசுத்தோல் போர்த்திய புலி போலப் போலிச் செயலிகளும் உலவுகின்றன. வீட்டைத் துப்புரவு செய்யும் சேவை என்ற பெயரில் புலனத்தில் அனுப்பப்படும் அத்தகைய செயலி, வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் கடவெண்ணைப் படித்து இணையம்வழி மோசடிக்காரருக்கு அனுப்பிவிடும். இதனால்தான், குறுஞ்செய்திக் கடவெண்ணுக்கு மாற்றாகப் பாதுகாப்பான முறையைக் கையாளும்படி 2022இல் பேங்க் நெகாரா மலேசியா வங்கிகளைப் பணித்தது. அறியாதவர் அனுப்பும் செயலியை நிறுவாதிருப்பதே முதல் காவல். தவறி நிறுவிவிட்டால், உடனே கைப்பேசித் தரவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண்ணையோ அழைக்க வேண்டும்.

வீட்டுக்கு வருவோர் அனைவருக்கும் சாவியைக் கொடுத்து வைப்பவர் எவருமிலர். திறன்பேசியில் எந்தச் செயலிக்கு இணையம் வேண்டும், எதற்கு வேண்டா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அதன் உரிமையாளரே.