கேமராத் திரையின் நிறம் எங்கிருந்து வருகிறது?

டிஜிட்டல் கேமராவின் உணரிக்கு நிறம் தெரியாது. தன்மேல் விழும் ஒளியின் அளவை மட்டுமே அது அறியும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளில் ஒன்று பதிக்கப்படுகிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில் பாதிப் புள்ளிகள் பச்சை; மனிதக் கண் பச்சை ஒளியில்தான் நுணுக்கங்களை அதிகம் உணர்கிறது.

விடுபட்ட நிறங்களைக் கணித்து நிரப்பி, வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெண்சமநிலை, செறிவு, மாறுபாடு ஆகியவற்றையும் சேர்த்த பிறகே படம் பின்திரைக்கு வருகிறது. குண்டு பல்பு ஒளியின் நிற வெப்பநிலை சுமார் 2,800 கெல்வின். நண்பகல் வெயிலினுடையது சுமார் 5,500. வெயிலுக்கான அமைப்பிலேயே பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் வெள்ளைச் சட்டை மஞ்சளாவது இந்த வேறுபாட்டால்தான்.

உணரி பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தாலும், திரை காட்டுவது கேமரா பதப்படுத்திய ஜேபெக் முன்தோற்றத்தையே. பெரும்பாலான கேமராக்களில், ஒளி அளவுகளின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடமும் அதிலிருந்தே பிறக்கிறது. செறிவைக் கூட்டிய அமைப்பில், செம்பருத்தி இதழின் நரம்புகள் ரா கோப்பில் பதிவாகியிருந்தும் திரையில் அழிந்ததுபோல் தெரியலாம்.

திரையின் பிரகாசமும் கண்ணை ஏமாற்றும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு, குறைவாக ஒளி பெற்ற படமும் பளிச்சென்று தோன்றும்; வெயிலில் நல்ல படமும் மங்கிப்போகும். அதனால் வெளிச்சத்தை அளவிட, திரையில் தெரியும் பிரகாசத்தைவிட ஹிஸ்டோகிராமே நம்பகமானது. அதன் மேடு வலது ஓரத்தில் முட்டினால் ஒளியைக் குறைக்க வேண்டும். ஜேபெக்கில் மட்டும் சேமிப்பவர்கள் வெண்சமநிலையை முன்கூட்டியே சரிசெய்துகொள்வது நல்லது. ரா கோப்பில் அதைப் பின்னரும் மாற்றலாம்.