ஒரு சொட்டு ரத்தம் தானாக ஓடும் பாதை

ஆவடியை ஒட்டிய வெள்ளானூர் போன்ற புறநகர் ஊர்களில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்து சுகர் பார்ப்பது இப்போது பழகிப்போன காட்சி. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அதைப் பழக்கமாக்கியது. விரல் நுனியில் ஒரு குத்து. துளிர்க்கும் ரத்தத்தில் ஸ்ட்ரிப்பின் முனையைத் தொட வைக்கிறார். சில விநாடிகளில் எண் தெரிகிறது. எண்ணைப் பார்க்கும் அவசரத்தில் அதற்கு முந்தைய கணத்தை யாரும் கவனிப்பதில்லை. யாரும் ஊற்றாமல், எந்த மோட்டாரும் இழுக்காமல், ரத்தம் தானாகவே ஸ்ட்ரிப்புக்குள் ஏறிவிடுகிறது.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விதிப்படிதான். ஸ்ட்ரிப்புக்குள் முடியிழை கனத்தில் ஒரு பாதை இருக்கிறது. அவ்வளவு குறுகிய இடத்தில் திரவத்தின் எடை பொருட்டாக இருப்பதில்லை. பரப்பு இழுவிசையின் ஆட்சிதான். பாதையின் சுவர் ரத்தத்தை ஈர்க்க, ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, உள்ளே போய் நிற்கிறது. அங்கே உலர்ந்த நிலையில் காத்திருக்கும் நொதி குளுக்கோஸோடு வினைபுரிகிறது. அதில் பிறக்கும் மின்னோட்டத்தை அளந்து கருவி எண்ணாகக் காட்டுகிறது. இப்படி நுண்ணிய பாதைகளில் திரவத்தை ஓடவிட்டுச் சோதிக்கும் நுட்பத்துக்குப் பெயர் நுண்பாய்மவியல், ஆய்வகத்தார் வாயில் மைக்ரோஃப்ளூயிடிக்ஸ்.

பாதை குறுகும்போது மூலக்கூறு பரவும் நேரமும் சுருங்குகிறது, அதுவும் தூரத்தின் வர்க்க விகிதத்தில். ஒரு சராசரிப் புரத மூலக்கூறு, கலக்கிவிடாத நீரில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம் பரவ ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அதே மூலக்கூறு ஒரு சென்டிமீட்டர் பரவ வேண்டுமென்றால் ஐந்தாறு நாட்கள். சோதனைக் குழாயைக் குலுக்க வேண்டியிருப்பதும், நுண்பாதையில் அது தேவைப்படாததும் இதனால்தான். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையும் கொரோனா காலத்து ஆன்டிஜென் பட்டையும் இந்த நுண்பாதை வகைதான். அவற்றில் பாதையே காகிதமும் சவ்வும்.

1990-இல் ஆந்திரேயாஸ் மான்ஸ் குழுவினர் ஒரு முழு ஆய்வகத்தையும் சில்லுக்குள் அடக்கிவிடலாம் என்று முன்வைத்த பிறகு, பல்கலைக்கழகங்களில் இந்தத் துறை வேகமெடுத்தது. கட்டுரைகள் குவிந்தன, கருவிகள் அந்த வேகத்தில் வரவில்லை. சில்லு நகத்தளவுதான், ஆனால் அதை இயக்கும் பம்ப், குழாய், நுண்ணோக்கி எல்லாம் சேர்ந்து ஒரு மேசையை நிறைத்தன. நோயாளியின் பக்கத்துக்கு வந்து சேர்ந்தவை, இந்தத் துணைச் சாமான்களில் எதையெல்லாம் விட்டுவிட முடிந்ததோ அந்த அளவுக்கே வந்தன என்பது என் கணிப்பு.

ஐ-ஸ்டாட் கருவியைப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, கையில் பிடிக்கும் அளவுள்ள பெட்டி. இரண்டு மூன்று சொட்டு ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் போன்றவற்றைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். ரத்தம் ஏந்தும் கார்ட்ரிட்ஜை மாற்றிப் போட்டால் ரத்த வாயுக்களையும் சொல்லும். ஐ.சி.யு.வில் மூச்சுத் திணறும் நோயாளி அருகே அந்த நிமிடங்கள் உயிரைக் காக்கும். ஆனால் அதன் கார்ட்ரிட்ஜ்களைக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். கருவி வேலை செய்யும் வெப்பநிலை 16 முதல் 30 டிகிரி வரை. மே மாதத்து ஆவடியில் ஏ.சி. இல்லாத அறையில் அது வேலைக்கு ஆகாது. பம்ப்பை விட்டது, குளிரை விடவில்லை. அதனால் நம்மூரில் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைக்குள்ளேயே நின்றுவிட்டது.

இன்னும் ஒரு படி இறங்கிவந்தது நம் நாட்டிலேயே உருவான ட்ரூநாட். பெங்களூரின் பிக்டெக் ஆய்வகம் வடிவமைத்தது, கோவாவின் மோல்பயோ நிறுவனம் தயாரிப்பது. காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையை ஒரு சிறு சில்லில் செய்கிறது. பேட்டரியில் ஓடும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு வரும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் இதை ஏற்றுப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு கொரோனா சோதனைக்கும் இது கைகொடுத்தது.

நுண்பாய்மவியலின் பெரிய சங்கடத்தையும் ட்ரூநாட்டை வைத்தே விளக்கிவிடலாம். சில்லில் விடுவது வெறும் 6 மைக்ரோலிட்டர். ஒரு மில்லிலிட்டர் சளியில் 100 கிருமிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சளியை அப்படியே சில்லில் விட்டால் உள்ளே போவது சராசரியாக 0.6 கிருமி, அதாவது பல தடவை ஒன்றுமே இருக்காது. கருவி எவ்வளவு கூர்மையானதாக இருந்தால் என்ன, இல்லாததை அது எப்படிக் காணும்? அதனால்தான் ட்ரூநாட்டுக்கு முன்னால் இன்னொரு பெட்டி இருக்கிறது. கரைத்த சளியில் உள்ள கிருமியை உடைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்துச் செறிவாக்கி அது கொடுக்கும். அங்கிருந்து சில்லுக்கு மாற்றப் பழகிய கை ஒன்று வேண்டும். அதனால் இது ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் போகிறது, வீட்டு வாசலுக்கு வரவில்லை.

இந்தக் கணக்கை மறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் தெரனோஸ் உதாரணம். விரல் நுனி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான சோதனைகள் என்று சொல்லி முதலீட்டைக் குவித்தார்கள். நிறுவனரான எலிசபெத் ஹோம்ஸ் 2022-இல் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 11 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றார். விரல் நுனிச் சொட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2015-இல் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே விரலிலிருந்து அடுத்தடுத்து எடுத்த சொட்டுகளை ஒப்பிட்டார்கள். ஹீமோகுளோபின் அளவு சொட்டுக்குச் சொட்டு மாறியது. நரம்பில் எடுக்கும் ரத்தத்தின் சீரான தன்மை கிடைக்க ஆறிலிருந்து ஒன்பது சொட்டுகளின் சராசரி வேண்டியிருந்தது.

குளுக்கோஸ் மட்டும் எப்படித் தப்பித்தது? அது ரத்தத்தில் ஏராளமாகக் கரைந்திருக்கிறது. கிருமியைப் போலத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. எங்கே விரல் நுனி ரத்தம் போதும், எங்கே போதாது என்று தெரிந்து பயன்படுத்தியதற்கு நல்ல சான்று சென்னையிலேயே உண்டு. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2008 முதல் 2020 வரை நாடு முழுக்க 1,13,043 பேரைச் சோதித்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என்று 2023-இல் வெளியான கணக்கு அதிலிருந்து வந்ததுதான். களத்தில் குளுக்கோஸை அளந்தது விரல் நுனி ரத்தமும் குளுக்கோமீட்டரும். மற்ற சில சோதனைகளுக்கு, ஒரு பகுதியினரிடம் நரம்பு ரத்தம் தனியாக எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

ஆனாலும் வீட்டில் வரும் எண்ணை அளவோடுதான் நம்ப வேண்டும். குளுக்கோமீட்டருக்கான 2013-ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. தரவிதிப்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை விலகல் அனுமதிக்கப்பட்டது. உண்மையில் 200 இருப்பவருக்குக் கருவி 170 காட்டலாம், 230-ம் காட்டலாம். நேற்று 186, இன்று 194 என்று மாத்திரையைத் தாமாகவே கூட்டிக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து கணக்கில் வரும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டால் நம்மூர்க் காற்றின் ஈரம் நொதியைக் கெடுக்கும். ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல கருவிகள் சுகரை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. அவர்களுக்கு முதல் முறையாகச் சுகர் அதிகம் என்று வீட்டு வாசலில் தெரியவந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நரம்பு ரத்தம் கொடுத்துச் சர்க்கரையையும் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்த பிறகே மாத்திரை பற்றிப் பேசலாம்.